99.999 சதவீதத் தூய்மை என்றால் என்ன? சிலிண்டர் வாயுவில் நுண் மாசை அளக்கும் விதம்

நைட்ரஜன், ஆர்கான், ஹீலியம் போன்ற வாயுக்களைச் சிலிண்டரில் வாங்கினால் கூடவே 4.8, 5.0, 6.0 என்று ஓர் எண் வரும். புள்ளிக்கு முன்னால் இருப்பது எத்தனை ஒன்பதுகள் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அந்த ஒன்பதுகளை அடுத்து வரும் இலக்கம். ஆக 4.8 என்றால் 99.998 சதவீதம், 5.0 என்றால் 99.999, 6.0 என்றால் 99.9999.

இதைப் பார்த்ததும், ஏதோ ஒரு கருவி நைட்ரஜனை நேராக அளந்து 99.999 என்று காட்டியிருக்கிறது என்றுதான் தோன்றும். நடைமுறையில் யாரும் அப்படி அளப்பதில்லை. சிலிண்டருக்குள் இருக்கக் கூடாத ஆக்சிஜன், ஈரம், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்து, எல்லாவற்றையும் கூட்டி, நூறிலிருந்து கழிக்கிறார்கள். கழித்தது போக மிஞ்சுவதுதான் அந்த 99.999.

தூய்மை என்பது ஒரு கழித்தல் கணக்கு. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஏனென்றால் கழித்தல் கணக்கில், தேடாத மாசு இல்லாத மாசாகிவிடும். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனில் கொஞ்சம் ஆர்கான் தங்கியிருக்கும். ஆனால் ஆர்கான் எதனோடும் வினைபுரியாது என்பதால் பல விவரக்குறிப்புகளில் அதை நைட்ரஜனோடு சேர்த்தே எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலான வேலைகளுக்கு இது சரிதான். நைட்ரஜனில் உள்ள ஆர்கானே முக்கியமாகிற ஆய்வுக்கு அதே சிலிண்டரை எடுத்தால் மட்டும் அந்த எண் கைகொடுக்காது.

இந்தக் கழித்தலில் ஒரு தனிமமே விட்டுப்போன கதை அறிவியல் வரலாற்றில் உண்டு. காற்றிலிருந்து ஆக்சிஜன், ஈரம், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றை நீக்கினால் மிஞ்சுவது நைட்ரஜன்தான் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை நினைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே பிரபு அதை எடைபோட்டபோது, அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அது ஏறத்தாழ அரை சதவீதம் கனமாக இருந்தது. லிட்டருக்கு 1.257 கிராம் ஒரு பக்கம், 1.2505 கிராம் இன்னொரு பக்கம். அளவுப் பிழை என்று அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. 1894இல் அவரும் வேதியியலாளர் வில்லியம் ராம்சேயும் அந்த வித்தியாசத்துக்குக் காரணமான வாயுவைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அதுதான் ஆர்கான். காற்றில் 0.93 சதவீதம், அதாவது 9,300 பிபிஎம் அளவுக்கு இருந்தும் அத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்த வாயு அது.

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சதவீதம் என்பது 10,000 பிபிஎம். 5.0 தரத்தில் எல்லா மாசும் சேர்ந்து 10 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும், 6.0 தரத்தில் 1 பிபிஎம்முக்குள். அதற்கும் கீழே போனால் பிபிபி, நூறு கோடியில் ஒரு பங்கு. வாயு விஷயத்தில் இது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை வைத்துச் சொல்வது, எடையை வைத்து அல்ல. ஹைட்ரஜனில் 1 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு இருந்தால் எடைக் கணக்கில் அது 14 பிபிஎம் ஆகிவிடும், ஏனென்றால் அதன் மூலக்கூறு ஹைட்ரஜன் மூலக்கூறைவிட 14 மடங்கு கனம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அளவு தாறுமாறாகிவிடும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் எவ்வளவு?

பிபிஎம் என்பதை வெறும் எண்ணாகப் பார்த்தால் கைக்கு அகப்படாது. ஒரு சிலிண்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்கொள்ளளவு 50 லிட்டர், அழுத்தம் 200 பார் என்றால் உள்ளே இருக்கும் வாயு, சாதாரண அழுத்தத்தில் சுமார் 10,000 லிட்டர். அதில் 1 பிபிஎம் என்பது 10 மில்லிலிட்டர் வாயு.

அந்தச் சிலிண்டருக்குள் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர், 50 மில்லிகிராம், இருந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுக்க ஆவியானால் 65 மில்லிலிட்டருக்கு மேல் வரும். அதாவது 6 பிபிஎம்முக்கும் அதிகம். 5.0 தர நைட்ரஜனில் ஈரத்துக்குப் பொதுவாக அனுமதிப்பது 2 அல்லது 3 பிபிஎம். ஒரு சொட்டு போதும், மொத்தச் சிலிண்டரும் தரத்திலிருந்து கீழே இறங்கிவிடும்.

காற்றுக்கும் இதே மாதிரி கணக்கு உண்டு. காலிச் சிலிண்டரில் சாதாரணக் காற்று இருக்கும்போதே அதன்மேல் 200 பார்வரை நைட்ரஜனை ஏற்றினால், அந்தப் பழைய காற்றால் மட்டும் ஆக்சிஜன் 1,000 பிபிஎம் ஆகிவிடும். அதை 1 பிபிஎம்முக்குக் கொண்டுவர வேண்டுமானால், நிரப்புவதற்கு முன் சிலிண்டரை 1 மில்லிபார் வரைக்கும் உறிஞ்சி வெறுமையாக்க வேண்டும். வாயு எவ்வளவு சுத்தமாக ஆலையிலிருந்து வந்தாலும், சிலிண்டரைத் தயார்செய்யும் விதம் சரியில்லை என்றால் அத்தனையும் வீண்.

இவ்வளவு சின்ன அளவு யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். எரிபொருள் மின்கலத்தில் ஓடும் வண்டிகளுக்கான ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். அதன் தரத்தைச் சொல்லும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14687, கார்பன் மோனாக்சைடு 0.2 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கந்தகத்துக்கு வரம்பு 0.004 பிபிஎம். இரண்டுமே மின்கலத்துக்குள் இருக்கும் பிளாட்டினம் வினையூக்கியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஹைட்ரஜனுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். டைட்டானியம் பற்றவைப்பு, சில்லு உற்பத்தி, ஆய்வகக் கருவிகளுக்குள் மாதிரியைச் சுமந்து செல்லும் கேரியர் வாயு என்று இதற்கு இன்னும் பல தேவைகள் உண்டு.

எந்த வாயுவில் எதைத் தேடுவது?

தேடாதது கணக்கில் வராது என்றால், எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்கு அந்த வாயு பிறந்த இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரிக்கும்போது நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், ஆர்கான் மைனஸ் 186இல், ஆக்சிஜன் மைனஸ் 183இல். ஆர்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையில் மூன்றே டிகிரி. ஆகவே ஆர்கானில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சிஜனைத்தான். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் இருக்க வாய்ப்புண்டு. ஹீலியத்தில் நைட்ரஜன், நியான். ஈரம் மட்டும் எல்லாச் சிலிண்டருக்கும் பொது, ஏனென்றால் அது பெரும்பாலும் சிலிண்டரின் உட்சுவரிலிருந்தே வருகிறது.

சரி, கருவிகளுக்கு வருவோம். எல்லா மாசையும் ஒரே தடவையில் காட்டும் பெட்டி ஒன்று இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாசுக்கும் ஒரு வழி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி.

ஆக்சிஜனுக்கு அதிகம் பயன்படுவது மின்வேதி செல். ஒரு மெல்லிய சவ்வு வழியாக ஆக்சிஜன் உள்ளே புகுந்து மின்முனையில் வினைபுரியும். அதனால் ஓடும் மின்னோட்டம் ஆக்சிஜன் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விலை அதிகமில்லை, கையாள்வதும் சுலபம். ஆனால் நுண் அளவுக்கான செல்லை ஒருமுறை திறந்த காற்றில் விட்டுவிட்டால், அது மறுபடி கீழே இறங்கி நிலைக்க வெகுநேரம் பிடிக்கும்.

இன்னொன்று சிர்கோனியா செல். ஏறத்தாழ 700 டிகிரி சூட்டில் வேலை செய்யும் பீங்கான் உணர்வி. வேகமானது, துல்லியமானது. ஆனால் அந்தச் சூட்டில், வாயுவில் எரியக்கூடியது எது இருந்தாலும் எரிந்துவிடும். நைட்ரஜனில் 3 பிபிஎம் ஆக்சிஜனும் 2 பிபிஎம் ஹைட்ரஜனும் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைத் தின்றுவிடும். கருவி 2 பிபிஎம் என்றுதான் காட்டும். அதன்மேல் பழி போடவும் முடியாது, செல்லுக்கு முன்னால் உண்மையிலேயே அவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது.

ஈரத்துக்குப் பழைய, நம்பகமான முறை குளிர்க்கண்ணாடி. ஒரு சின்னக் கண்ணாடியைக் குளிர்வித்துக்கொண்டே போய், அதன்மேல் உறைபனி படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பார்ப்பது. சாதாரண அழுத்தத்தில் 100 பிபிஎம் ஈரம் இருந்தால் சுமார் மைனஸ் 42 டிகிரியில் படியும். 10 பிபிஎம் என்றால் மைனஸ் 60, 1 பிபிஎம் என்றால் மைனஸ் 76. அழுத்தம் மாறினால் இந்த வெப்பநிலையும் மாறும். எந்த அழுத்தத்தில் அளந்தது என்று சொல்லாமல் உறைபனி நிலையை மட்டும் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பாஸ்பரஸ் பென்டாக்சைடு செல் வேறொரு வழியில் போகிறது. அதன் மின்முனைகள்மேல் பூசிய பாஸ்பரஸ் பென்டாக்சைடுப் படலம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மின்சாரம் அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். எவ்வளவு மின்னூட்டம் செலவானது என்று பார்த்தால் எத்தனை மூலக்கூறு தண்ணீர் வந்தது என்று ஃபாரடே விதியே சொல்லிவிடும். அளக்கப்படும் வாயுவே ஹைட்ரஜனாகவோ ஆக்சிஜனாகவோ இருந்தால் மட்டும் சிக்கல். பிரிந்தது மறுபடி சேர்ந்து தண்ணீராகி, அதே தண்ணீர் திரும்பத் திரும்பக் கணக்கில் ஏறும்.

எனக்கு மிகவும் பிடித்தது லேசர் முறை. ஆந்தனி ஓகீஃபும் டேவிட் டீக்கனும் 1988இல் வெளியிட்டது. எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள், நடுவில் வாயு. கண்ணாடிகள் ஒளியில் 99.99 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். லேசரை உள்ளே விட்டு, சட்டென்று நிறுத்திவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட ஒளி மங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். கண்ணாடிகளுக்கு இடையே அரை மீட்டர்தான் என்றாலும் ஒளி முன்னும் பின்னுமாக ஓடி 5 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். வெற்றிடத்தில் மங்கும் நேரம் அப்போது 17 மைக்ரோ விநாடி. ஈரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். இதில் அழகு என்னவென்றால், அளப்பது ஒளியின் பலத்தை அல்ல, நேரத்தை. லேசர் கொஞ்சம் பலமாகவோ பலவீனமாகவோ எரிந்தாலும் விடை மாறாது.

மற்ற மாசுகளுக்குப் பெரும்பாலும் கேஸ் குரோமட்டோகிராஃப். வாயுவில் கொஞ்சம் எடுத்து, ஒரு நீண்ட குழாய்க்குள் கேரியர் வாயுவோடு அனுப்பினால், ஒவ்வொரு மாசும் உள்ளே இருக்கும் பொருளில் ஒட்டி ஒட்டி விலகி, வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். கடைசியில் இருக்கும் டிடெக்டர் அதைப் பதிவுசெய்யும். இதிலும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. சுடர் அயனி டிடெக்டர் ஹைட்ரோகார்பன்களை மிக நுண்ணிய அளவிலும் காட்டும், ஆனால் கார்பன் மோனாக்சைடு அதன் கண்ணுக்கே தெரியாது. அதனால் வழியில் சூடான நிக்கல் வினையூக்கியை வைத்து, ஹைட்ரஜன் சேர்த்து, கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றிக் காட்டுகிறார்கள். ஆர்கானும் ஆக்சிஜனும் மூலக்கூறுச் சல்லடைக் குழாயிலிருந்து அறை வெப்பநிலையில் கிட்டத்தட்ட ஒன்றாகவே வெளியே வரும். ஆர்கானுக்குள் 1 பிபிஎம் ஆக்சிஜனைத் தேடுபவருக்கு இது பெரிய தொல்லை. பெரிய மலைக்குப் பின்னால் ஒளிந்த கூழாங்கல்லைத் தேடுவது போல.

ஹீலியம் அயனியாக்க டிடெக்டர் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிபிபி அளவில் காட்டும். ஆனால் அதில் ஓடும் கேரியர் ஹீலியம், அளக்கப்போகும் வாயுவைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்காகச் சூடான உலோகத் துகள்கள் நிரம்பிய சுத்திகரிப்பானைச் சிலிண்டருக்கும் கருவிக்கும் நடுவே வைக்கிறார்கள்.

கருவிக்கு வரும் வழி

என்னைக் கேட்டால், புதிதாக இந்த வேலைக்கு வருபவர் கருவியைவிடக் குழாயைப் பற்றித்தான் அதிகம் படிக்க வேண்டும். சிலிண்டர் வால்வுக்கும் அனலைசருக்கும் இடையே இருக்கும் ஒன்றிரண்டு மீட்டரில்தான் பெரும்பாலான தப்பு நடக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விட்டுவிட வேண்டும். குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகம், ஆகவே லீக் இருந்தாலும் வாயு வெளியே போகுமே தவிரக் காற்று உள்ளே வராது என்று நினைப்போம். நுண் அளவில் இது பொய்த்துப்போகிறது. ஒவ்வொரு வாயுவும் தன்னுடைய பகுதி அழுத்தத்தை, அதாவது மொத்த அழுத்தத்தில் அது மட்டும் தரும் பங்கைப் பொறுத்துத்தான் நகரும். வெளிக்காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.21 பார். குழாய்க்குள் 3 பார் அழுத்தத்தில் 1 பிபிஎம் ஆக்சிஜன் இருந்தால் அதன் பகுதி அழுத்தம் 0.000003 பார். எழுபதாயிரம் மடங்கு வித்தியாசம். ஆக்சிஜனைப் பொறுத்தவரை அந்தக் குழாயின் உட்புறம் கிட்டத்தட்ட வெற்றிடம். நுண்ணிய இடுக்கு வழியாக வாயு வெளியேறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் ஆக்சிஜனும் ஈரமும் எதிர்த்திசையில் உள்ளே ஊடுருவும். ரப்பர், பிளாஸ்டிக் குழாய் என்றால் லீக்கே வேண்டாம், சுவர் வழியாகவே வந்துவிடும். சோப்பு நீர் போட்டுக் குமிழி வரவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. அதனால்தான் உள்ளே மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும், உலோக உதரவிதானம் வைத்த ரெகுலேட்டர் என்று வற்புறுத்துகிறார்கள். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். வாயுவைச் சும்மா ஓடவிட்டால் அது போக நெடுநேரமாகும், மூலைமுடுக்குகளில் தங்கிவிடும். அழுத்தி விடுவதுதான் வழி: 10 பார்வரை ஏற்றி, நிறுத்தி, 1 பாருக்கு இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் காற்று பத்தில் ஒன்றாகும். 2,10,000 பிபிஎம்மாக இருந்த ஆக்சிஜன் 21,000, 2,100, 210, 21, 2.1 என்று இறங்கி, ஆறாவது தடவையில் 0.21 ஆகிவிடும். அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை செய்துவிடுவது நல்லது.

ஈரம் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. தண்ணீர் மூலக்கூறு உலோகச் சுவரில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், குழாயைச் சூடாக்கினால் கொஞ்சம் சீக்கிரம். அவசரப்பட்டு எடுத்த ஈர அளவு, சிலிண்டரைப் பற்றி அல்ல, அந்த ஆய்வகக் குழாயைப் பற்றித்தான் சொல்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஓட்ட வேகத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். மாசு உண்மையிலேயே சிலிண்டருக்குள் இருந்தால் அளவு மாறாது. லீக்கிலிருந்தோ சுவரிலிருந்தோ வந்துகொண்டிருந்தால், அதே மாசு இரண்டு மடங்கு வாயுவில் கலப்பதால் அளவு ஏறத்தாழ பாதியாகும். ஐந்து நிமிட வேலை, எத்தனையோ வீண் புகார்களைத் தவிர்க்கும். அப்புறம் விகிதத்தையும் பார்க்க வேண்டும். ஹீலியத்தில் 1 பிபிஎம் ஆக்சிஜனும் 3.7 பிபிஎம் நைட்ரஜனும் வந்தால், அது காற்றின் விகிதம். எங்கோ காற்று புகுந்திருக்கிறது. நைட்ரஜன் மட்டும் வந்து ஆக்சிஜன் இல்லை என்றால் அது பெரும்பாலும் ஆலையிலிருந்தே வந்தது.

எதோடு ஒப்பிட்டு அளப்பது?

கருவி காட்டுவது ஒரு மின்சமிக்ஞை. அதை பிபிஎம்மாக மாற்ற, அளவு தெரிந்த ஒரு கலவை வேண்டும். ஐஎஸ்ஓ 6142 சொல்லும் முறையில் அதை எடைபோட்டுத் தயாரிக்கிறார்கள்: வெறுமையான சிலிண்டரை எடைபோட்டு, மாசு வாயுவைக் கொஞ்சம் சேர்த்து எடைபோட்டு, மீதியை நிரப்பி மறுபடி எடைபோடுவது. 1 பிபிஎம் கலவையை ஒரே தடவையில் இப்படிச் செய்ய முடியாது. அவ்வளவு குறைந்த வாயுவைத் தராசு நம்பகமாகக் காட்டாது. ஆகவே படிப்படியாக நீர்க்கச் செய்கிறார்கள். ஈரம், அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவை சுவரில் ஒட்டிக்கொள்வதால், சாதாரணச் சிலிண்டரில் நுண் அளவில் சேமித்து வைத்தால் எழுதிய எண் நிலைக்காது. அவற்றை அவ்வப்போது அங்கேயே உண்டாக்கிக்கொள்வது பாதுகாப்பு.

பூஜ்யமும் ஒரு பிரச்சினைதான். கருவிக்குப் பூஜ்யம் காட்டப் பயன்படுத்தும் வாயுவிலும் கொஞ்சம் மாசு இருக்கும், அந்தக் கொஞ்சம் எல்லா அளவிலிருந்தும் சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

சான்றிதழில் "0.1 பிபிஎம்முக்குக் குறைவு" என்று வருவதைப் பூஜ்யம் என்று படிக்கக் கூடாது. அந்தக் கருவியால் அதற்குக் கீழே பார்க்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். கழித்தல் கணக்கில் அதைப் பூஜ்யமாகப் போட்டால், மோசமான கருவி வைத்திருப்பவருடைய வாயுதான் அதிகத் தூய்மையாகத் தெரியும்! இந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் ஐஎஸ்ஓ 19229, இருக்கும் என்று எதிர்பார்த்தும் அகப்படாத மாசுக்குக் கண்டறியும் வரம்பில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

சான்றிதழில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அந்தச் சிலிண்டரையே அளந்தார்களா, அல்லது ஒன்றாக நிரப்பிய தொகுதியில் ஒன்றை மட்டும் அளந்தார்களா? திரவமாக இருக்கும் வாயு என்றால் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தார்கள்? கார்பன் டை ஆக்சைடு 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் திரவமாகவே கிடக்கும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதன் மேலே உள்ள ஆவிப் பகுதியில் அதிகமாகச் சேரும், கனமான மாசுகள் திரவத்தில் தங்கும். ஒரே சிலிண்டர், ஒரே நாள், மேலே எடுத்தால் ஓர் எண், கீழே எடுத்தால் வேறு எண். இரண்டும் சரியான அளவுகளே.

சிலிண்டர் காலியாகக் காலியாகவும் அளவு மாறும். நிரம்பியிருக்கும்போது சுவரில் ஒட்டியிருந்த ஈரம், அழுத்தம் குறையக் குறைய விட்டு வரும், அது கலப்பதற்கு வாயுவும் குறைவாகவே இருக்கும். அதனால் நுண்ணிய வேலைக்கு வைத்திருக்கும் சிலிண்டரைக் கடைசிவரை உறிஞ்சாமல், 10 பார் அளவிலேயே கழற்றி, வால்வை இறுக மூடித் திருப்பி அனுப்புவது நல்ல பழக்கம். வால்வு மூடி உள்ளே அந்த அழுத்தம் இருக்கும்வரை ஈரக்காற்று பெருமளவில் திரும்பிப் புகாது, அடுத்து நிரப்புபவருக்கும் பாதி வேலை மிச்சம்.